மனைவிக்குத் தேர்தல் பணி, வீட்டில் 8 மாதக் குழந்தையும் நாலரை வயதுப் பையனும்: 36 மணி நேரத்தை எப்படிச் சமாளிப்பது?

இரட்டைக்குடை (கேள்வி)

மனைவிக்கு வாக்குச்சாவடிப் பணி வந்திருக்கிறது. வாக்குப்பதிவுக்கு முந்தின நாள் காலையில் கிளம்பினால் மறுநாள் ராத்திரி எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் திரும்ப முடியும். குத்துமதிப்பாக 36 மணி நேரம். விலக்கு கேட்டு எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஆனால் கிடைக்காது என்று வைத்துக்கொண்டே திட்டம் போடுகிறோம். கையில் 3 வாரம் இருக்கிறது.

சின்னவளுக்கு 8 மாதம். தாய்ப்பால், கூடவே ஒரு நாளைக்கு இரண்டு வேளை மசித்த சாப்பாடு. புட்டிப் பழக்கமே இல்லை. எவ்வளவு பால் சேர்க்க வேண்டும், எப்படி வைப்பது, எப்படிக் கொடுப்பது? மனைவி போகிற இடத்தில் பிளக் பாயிண்ட் இருக்குமா என்றுகூடத் தெரியாது.

பெரியவன் பிரச்சார வண்டியில் கேட்டதையெல்லாம் திருப்பிக் கத்துகிறான், "ஒழிக" உட்பட. "நம்ம ஆள் யாரு?" என்று தினமும் கேட்கிறான். என்ன சொல்வது?

லவுட் ஸ்பீக்கர் சத்தத்தில் இரண்டு பேருக்கும் மதியத் தூக்கம் போச்சு. அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள். வாக்குப்பதிவு அன்று இருவரையும் கூட்டிக்கொண்டு நான் ஓட்டுப் போட வேண்டும்.

---

தயிர்ச்சட்டி

பாலிலிருந்து தொடங்குவோம். மற்றதெல்லாம் அன்றைக்குப் பார்த்துக்கொள்ளலாம், இதற்குத்தான் 3 வாரமும் வேண்டும்.

அம்மா பக்கத்தில் இல்லாத ஒவ்வொரு மணி நேரத்துக்கும் 30 மி.லி. என்று போட்டால் பெரும்பாலும் சரியாக வரும். 36 மணி நேரத்துக்கு 1080. சாப்பாடும் சாப்பிடுகிற குழந்தை என்பதால் 900-லேயே முடியலாம், ஆனாலும் 1100 வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் வீணாகத்தான் செய்யும்.

இதை ஒரே வாரத்தில் எடுக்க நினைத்தால்தான் சிக்கல். தினமும் ஒரே ஒரு தடவை, காலையில் குழந்தை முதலில் குடித்து முடித்த அரை மணி முதல் ஒரு மணி நேரத்துக்குள் எடுங்கள். பெரும்பாலான அம்மாக்களுக்குக் காலையில்தான் பால் கூடுதலாக இருக்கும். முதல் இரண்டு மூன்று நாள் 20, 30 மி.லி.தான் வரும், பயப்பட வேண்டாம். அதே நேரத்தில் தினமும் எடுத்தால் உடம்பு பழகி 60 வரை வரும். 18 நாள் அப்படி எடுத்தாலே கணக்கு நிறைந்துவிடும்.

60 மி.லி. பையாகப் பிரித்து வையுங்கள். 150 என்று பெரிதாக வைத்தால் குழந்தை பாதியில் தூங்கிவிடும், மீதி கீழேதான் போகும். வாய் வைத்த பால் 2 மணி நேரத்துக்கு மேல் ஆகாது. பையில் மேலே இரண்டு விரல் இடம் விட்டு மூடுங்கள், உறையும்போது பால் விரியும். தேதியையும் அளவையும் பால் ஊற்றும் முன்பே பையில் எழுதிவிடுங்கள், ஈரப் பையில் பேனா எழுதாது. ஃப்ரீசரில் கதவோரம் வேண்டாம், பின்பக்கமாகப் படுக்கை வசத்தில் அடுக்குங்கள். தட்டையாக உறைந்தது சீக்கிரம் உருகும்.

எவ்வளவு நேரம் தாங்கும்:

அறை வெப்பம் 25 டிகிரிக்குள் இருந்தால் அப்போது எடுத்த பால் 4 மணி நேரம். அதைவிடச் சூடான அறையில் அந்தக் கணக்கை நம்பாதீர்கள், உடனே குளிரில் வையுங்கள். ஃப்ரிட்ஜில் 4 நாள். ஃப்ரீசரில் 6 மாதம்வரை நன்றாக இருக்கும். உறைந்ததை ஃப்ரிட்ஜுக்கு மாற்றினால் முழுக்க உருகிய நேரத்திலிருந்து 24 மணி நேரம். அதை வெளியே எடுத்தாலோ சூடாக்கினாலோ 2 மணி நேரம். முழுசாக உருகியதை மறுபடி உறைய வைக்கக் கூடாது. கரண்ட் போய் வந்தால் பையைத் தொட்டுப் பாருங்கள், உள்ளே பனித்துகள் இன்னும் இருந்தால் அப்படியே மறுபடி உறையலாம்.

கிளம்புவதற்கு முந்தின 3 நாள் எடுப்பதை உறைய வைக்கவே வேண்டாம், ஃப்ரிட்ஜில் போதும். அன்றைக்கு முதலில் அதைக் கொடுங்கள். உறைந்ததில் பழைய தேதி முதலில்.

மைக்ரோவேவ் கூடவே கூடாது. அங்கங்கே கொதிசூடாகிக் குழந்தையின் வாயைச் சுட்டுவிடும். பையை வெதுவெதுப்பான தண்ணீரில் சில நிமிடம் வைத்து, மணிக்கட்டில் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். மேலே கொழுப்பு தனியாகத் திரண்டு நிற்கும், கெட்டுப்போனது என்று கொட்டிவிடாதீர்கள், லேசாகச் சுழற்றினால் கலந்துவிடும்.

ஒரு முக்கியமான விஷயம்: முதல் வாரத்திலேயே ஒரு பையை உருக்கி முகர்ந்து பாருங்கள். சிலருடைய பாலில் கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் என்சைம் அதிகமாக வேலை செய்யும். உறைந்து உருகியதும் சோப்பு வாடை அடிக்கும். பால் கெடவில்லை, ஆனால் குழந்தை வாயில் வைக்காது. 1100 மி.லி. சேர்த்தபிறகு கடைசி நாளில் இது தெரியவந்தால் ஒன்றும் செய்ய முடியாது.

---

ஊசிநூல்

தயிர்ச்சட்டி சொன்னது குழந்தைப் பக்கம். அம்மாவின் பக்கத்தையும் பேச வேண்டும், அதைத்தான் எல்லோரும் மறந்துவிடுகிறார்கள்.

36 மணி நேரம் பால் எடுக்காமல் இருந்தால் கல்லாய்க் கட்டிக்கொள்ளும். அதனால் அங்கே பால் எடுப்பது முதலில் அவருடைய நிம்மதிக்கு. அந்தப் பாலை வீட்டுக்குக் கொண்டுவருவது இரண்டாம்பட்சம். ஐஸ் பேக் வைத்த பெட்டியில் பால் 24 மணி நேரம்தான் தாங்கும், முதல் நாள் எடுத்தது எப்படியும் வீடு வந்து சேராது. அதைக் கீழே ஊற்ற மனசு வராமல் எடுக்காமலே இருந்துவிடுகிறவர்கள் உண்டு. ஊற்றிவிடட்டும்.

பிளக் பாயிண்ட் கவலை வேண்டாம். கையால் அழுத்தும் பம்ப் போதும், அல்லது வெறும் கை. கையால் எடுக்கும் முறை: கட்டைவிரல் மேலே, மற்ற விரல்கள் கீழே, காம்பிலிருந்து 2, 3 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். முதலில் நெஞ்சை நோக்கி உள்ளே தள்ளி, அப்புறம் விரல்களைச் சேர்த்து அழுத்தி, விட வேண்டும். தோலின் மேல் விரலை வழித்துக்கொண்டு வரக் கூடாது, அதில்தான் புண்ணாகிறது. ஒரு பக்கம் 3 முதல் 5 நிமிடம், மாற்றி மறுபக்கம், திரும்ப முதல் பக்கம். மொத்தம் 20 நிமிடத்துக்கு மேல் போகும். இதையும் இப்போதே பழக வேண்டும், முதல் தடவை யாருக்கும் சொட்டுக்கு மேல் வராது.

வாக்குப்பதிவு தொடங்கிவிட்டால் வரிசை நிற்காது. அதனால் முந்தின நாள் மாலையே சாவடிப் பொறுப்பில் இருப்பவரிடம் பேசி, 4 மணி நேரத்துக்கு ஒரு தடவை இடத்தை யார் பார்த்துக்கொள்வது என்று முடிவு பண்ணிக்கொள்ளட்டும். கதவு சாத்துகிற அறை எது என்பதையும் அப்போதே பார்த்துவிட வேண்டும். முன்பக்கம் திறக்கிற உடுப்பு, ஒரு பெரிய துண்டு, வாய் அகன்ற மூடி போட்ட பாத்திரம், கசிவுக்குப் பேட். தண்ணீர் நிறையக் குடிக்கட்டும். கழிப்பறைக்குப் பயந்து குடிக்காமல் இருப்பது தேர்தல் பணியில் எல்லோரும் செய்கிற தப்பு.

முழுசாக எடுக்க நேரமே கிடைக்காவிட்டால் இறுக்கம் குறைகிற அளவுக்காவது எடுக்கட்டும். கட்டி தட்டினால் அழுத்தித் தேய்ப்பது பழைய வைத்தியம், அது வீக்கத்தைத்தான் கூட்டும். துணியில் சுற்றிய ஐஸ் பேக் வைக்கலாம். ஒரு இடம் சிவந்து, காய்ச்சலும் குளிரும் வந்தால், 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். வீடு திரும்பியபிறகும் இதைக் கவனியுங்கள். அலைச்சல் காய்ச்சல் என்று மாத்திரை போட்டுப் படுத்துவிடுவார்கள்.

புட்டி பற்றி: 8 மாதத்தில் புதிதாகப் பழக்க வேண்டிய அவசியமே இல்லை. குழந்தையை நிமிர்த்தி உட்காரவைத்து, சின்னத் தம்ளரின் விளிம்பைக் கீழுதட்டில் தொடவிட்டால் அதுவே உறிஞ்சும். வாய்க்குள் ஊற்றக் கூடாது. நீங்கள்தான் கொடுத்துப் பழக வேண்டும், அதுவும் மனைவி வேறு அறையில் இருக்கும்போது. அம்மா வாசனை பக்கத்தில் இருந்தால் எந்தக் குழந்தையும் தம்ளரைத் தட்டிவிடும். பசி உச்சத்துக்குப் போய் அழத் தொடங்குவதற்கு முன்னால் கொடுங்கள்.

---

மூன்றாம்மாடி

சத்தத்துக்குச் சுருக்கமாக.

திறந்தவெளியில் ஒலிபெருக்கியிலிருந்து தூரம் இரட்டிப்பானால் 6 டெசிபல் குறையும். தெருவைப் பார்த்த அறையிலிருந்து பின்னறைக்குத் தூக்கத்தை மாற்றினால் சுவர்களும் சேர்ந்து இன்னும் நிறையத் தடுக்கும். காசு செலவில்லாத முதல் வேலை இதுதான். அடுத்தது ஜன்னல் இடுக்கு. கண்ணாடி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் கீழே ஒரு விரல் சந்து இருந்தால் சத்தம் அந்த வழியாக வந்துவிடும். துணியைச் சுருட்டி அடைத்துவிடுங்கள், காற்றுக்கு உள்பக்கக் கதவு திறந்திருக்கட்டும். பாடல்களில் வருகிற 'டம் டம்' அடிச்சத்தம் மட்டும் எதற்கும் நிற்காது.

வெண்ணிரைச்சல் (ஏற்ற இறக்கமில்லாத 'ஷ்ஷ்' சத்தம்) போடலாம், ஃபேன் சத்தமும் அதே வேலையைச் செய்யும். மெஷினாக இருந்தால் தொட்டிலிலிருந்து 2 மீட்டர் தள்ளி, குழந்தையின் காதருகே 50 டெசிபலுக்குள். வண்டி வந்தபிறகு போட்டுப் பயனில்லை, தூங்கப்போகும்போதே ஓட வேண்டும். திடீர் மாற்றம்தான் எழுப்புகிறது. வெளிச் சத்தத்தை ஜெயிக்க வால்யூமைக் கூட்டாதீர்கள்.

காதில் பஞ்சு வீண், ஐந்தாறு டெசிபல் குறைந்தால் அதிகம். ஸ்பாஞ்சு அடைப்பான்கள் சின்னக் குழந்தைக்கு வேண்டாம், பிடுங்கி வாயில் போட்டுக்கொள்வார்கள். காதை மூடும் மஃப் நல்லது, ஆனால் கூட்டத்தைக் கடக்கிற சில நிமிடங்களுக்கு மட்டும், தூக்கத்தில் வேண்டாம்.

பெரியவர்களுக்கான வேலையிடக் கணக்கே 85 டெசிபலுக்கு 8 மணி நேரம். 3 டெசிபல் கூடினால் நேரம் பாதி. 100 டெசிபலில் 15 நிமிடம்தான். மேடை ஸ்பீக்கர் பக்கத்தில் குழந்தையைத் தோளில் வைத்துக்கொண்டு நிற்பவர்களிடம் இதைச் சொல்லுங்கள். பட்டாசு இன்னும் மோசம்.

மதியத் தூக்கத்தை வண்டி வரும் நேரத்திலிருந்து நகர்த்த நினைத்தால் ஒரு நாளைக்கு 15 நிமிடம் என்ற கணக்கில்.

---

கரும்பலகை

பெரியவன் விஷயம். "ஒழிக" என்று கத்துவதில் அவனுக்குத் தாளம்தான் பிடித்திருக்கிறது, அர்த்தம் தெரியாது. பதறித் தடை போட்டால் அது ருசியான வார்த்தையாகிவிடும். "அந்த ஆள் வேண்டாம்னு சிலர் நினைக்கிறாங்க, அதைக் கத்திச் சொல்றாங்க. நம்ம வீட்ல வேண்டாம்னா 'எனக்கு வேண்டாம்'னு சொல்லுவோம்" என்பது போதும். "திருடன்", "துரோகி" மாதிரி வார்த்தைகள் வந்தால் மட்டும் கொஞ்சம் உட்கார்ந்து பேசுங்கள். இந்த வயசில் கெட்டவன் என்றால் ராத்திரி வீட்டுக்கு வருகிறவன் என்று அர்த்தம். சுவரொட்டி முகத்தைப் பார்த்துப் பயப்படுகிற குழந்தைகள் இதனால்தான் பயப்படுகிறார்கள்.

"நம்ம ஆள் யாரு" என்றால் சொல்லலாம், சொல்லாமலும் விடலாம். சொன்னால் மறுநாள் பள்ளியிலும் வண்டிக்காரரிடமும் ஒலிபரப்பாகும் என்று தெரிந்து சொல்லுங்கள். நாலரை வயசுக்கு ரகசியம் தாங்காது. "ஓட்டு ரகசியம், அம்மா அப்பாகிட்டகூடச் சொல்ல வேண்டியதில்லை" என்பது அவனுக்கு அதிசயமான பதிலாக இருக்கும். அச்சடித்த சீட்டில் மறைவாகக் குறி போடுகிற இந்த முறையே 1856-இல் ஆஸ்திரேலியாவின் விக்டோரியா, தெற்கு ஆஸ்திரேலியா போன்ற காலனிகளில்தான் சட்டமானது. அதற்கு முன்னால் பல நாடுகளில் எல்லோர் முன்னாலும் வாய்விட்டுத்தான் சொல்ல வேண்டியிருந்தது.

வாயால் விளக்குவதைவிட வீட்டில் ஒரு தேர்தல் நடத்துங்கள். அம்மா இல்லாத அன்று மாலை ஒரு மணி நேரம் அதிலேயே போய்விடும்.

செருப்பு டப்பா ஒன்று, மேல் மூடியில் 10 செ.மீ. நீளம் 1 செ.மீ. அகலத்தில் கீறல். இதைவிடக் குறுகலாக இருந்தால் மடித்த சீட்டு மாட்டிக்கொண்டு அழுகை வரும். உள்ளங்கை அளவுச் சீட்டு, அதில் இரண்டு படம், ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் பெரிய வட்டம். படம் அவனே வரையட்டும். எழுதப் படிக்கத் தெரியாதவரும் ஓட்டுப் போடத்தானே சின்னம், அவனுக்கும் அதுவேதான் உபயோகம். மறைவுக்கு ஒரு அட்டை. விரலில் வைக்கக் கழுவினால் போகிற ஸ்கெட்ச் பேனா.

எதற்கு ஓட்டு என்பதில்தான் எல்லாம் கெட்டுப்போகும். எது ஜெயித்தாலும் உங்களால் நிறைவேற்ற முடிகிற இரண்டை மட்டும் சீட்டில் போடுங்கள்: நாளைக்கு எந்தக் கதை, குளியலுக்கு எந்தப் பொம்மை. பல் தேய்ப்பது, மருந்து, தூங்கும் நேரம், சீட் பெல்ட் இவற்றுக்கு ஓட்டு கிடையாது. ஓட்டெடுத்துவிட்டு, முடிவு பிடிக்காமல் நீங்கள் மாற்றினீர்கள் என்றால் அதோடு அந்த விளையாட்டு செத்தது.

ஓட்டுப்போடுகிறவர்கள் ஒற்றைப்படையில் இருக்கட்டும். ஆள் போதாவிட்டால் தாத்தா பாட்டியிடம் போனில் கேட்டுச் சீட்டு போடலாம், ஆனால் அது ரகசிய ஓட்டாக இருக்காது என்று அவனே கண்டுபிடிப்பான். சமமாக வந்தால் என்ன செய்வது என்பதை முன்னாடியே சொல்லிவைக்க வேண்டும், நாணயம் சுண்டலாம். "பாப்பாவுக்கு ஏன் ஓட்டு இல்லை?" என்று கட்டாயம் கேட்பான். "படத்தைத் தின்னுடுவா" என்பதே அந்த வயசுக்குச் சரியான பதில்.

எண்ணும்போது சீட்டுகளைத் தரையில் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்காமல், இரண்டு வரிசையாக நீளவாக்கில் வையுங்கள். எண்ணத் தடுமாறுகிறவனும் எது நீளம் என்று கண்ணால் பார்த்துவிடுவான். இரண்டு வட்டத்திலும் குறி போட்டிருந்தால் செல்லாத ஓட்டு. தூக்கிப் போடாமல் தனியாக வைத்துக் காட்டுங்கள். தோற்றால் அழுவான். சமாதானத்துக்காக முடிவை மாற்றாமல், அடுத்த ஓட்டு எந்தக் கிழமை என்று அப்போதே சொல்லுங்கள்.

---

பச்சைப்பெட்டி

வீட்டுக்குள் வந்து சேருகிற பிரச்சாரப் பொருள்களைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. 8 மாதக் குழந்தை தரையில் தவழ்கிற வீட்டில் இது பெரிய விஷயம்.

மினுமினுக்கும் லைட் பேட்ஜ் இருந்தால் வீட்டுக்குள்ளேயே விடாதீர்கள். பெரும்பாலும் உள்ளே பட்டன் பேட்டரி இருக்கும், மூடிக்கு ஸ்குரூகூட இருக்காது. முழுங்கினால் உணவுக்குழாயில் ஒட்டிக்கொண்டு 2 மணி நேரத்துக்குள்ளேயே கடுமையாகப் பொசுக்கிவிடும். சந்தேகம் வந்தாலே நேராக மருத்துவமனை, எக்ஸ்ரே எடுத்துத்தான் தெரியும். வாந்தி எடுக்கவைக்கக் கூடாது. முழுங்கி 12 மணி நேரத்துக்குள் என்றால், ஒரு வயது தாண்டிய, விழுங்க முடிகிற குழந்தைக்கு, போகிற வழியில் 10 நிமிடத்துக்கு ஒரு தடவை 10 மி.லி. தேன் கொடுக்கலாம், அதிகபட்சம் 6 தடவை. தேன் தேடி நேரம் போக்காதீர்கள். சின்னவளுக்கு ஒரு வயது ஆகாததால் தேனே கூடாது.

பலூன் வெடித்தால் துண்டுகளை உடனே பொறுக்கிவிடுங்கள், தொண்டையில் படிந்துகொள்ளும். குச்சிக் கொடியில் குச்சியைக் கழற்றிவிட்டு துணியை மட்டும் கொடுங்கள்.

ஓட்டுப் போடப் போகும்போது: குழந்தையை உள்ளே கூட்டிப்போக விடுவார்களா, போன் கொண்டுபோகலாமா என்று முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். போனைக் காட்டி உட்காரவைப்பது என்ற திட்டம் அங்கே கவிழலாம். சின்னவளைக் கட்டித் தூக்கும் பையில் வைத்தால் இரண்டு கையும் சும்மா இருக்கும், தள்ளுவண்டி படியிலும் குறுகல் வாசலிலும் மாட்டும். அவள் பால் குடித்து முடித்தவுடன் கிளம்புங்கள். கழிப்பறை வேலையை வீட்டிலேயே முடியுங்கள். பெரியவன் உங்களுக்குப் பதிலாகக் குறி போடவோ பட்டனை அழுத்தவோ கேட்பான், விடாதீர்கள். தப்பாகப் பட்டால் திருத்த முடியாமல் போகலாம்.

விரலில் மை வைக்கும் இடமாக இருந்தால், அதில் சில்வர் நைட்ரேட் இருக்கும். வெளிச்சம் பட்டுத் தோலோடு கறுத்துப் பிடிப்பதால்தான் போகாது. காயும்வரை ஒரு நிமிடம் அந்தக் கையால் குழந்தையின் முகத்தைத் தொட வேண்டாம், துணியில் பட்டாலும் போகாது. கண்ணில் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போங்கள்.

---

இரட்டைக்குடை

எல்லோருக்கும் நன்றி. தயிர்ச்சட்டி, நீங்கள் சொன்னபடி ஒரு பையை உருக்கிப் பார்த்தோம். சோப்பு வாடையேதான், அவள் துப்பிவிட்டாள். இதுவரை 4 பை இருக்கிறது. இனி என்ன செய்வது?

---

தயிர்ச்சட்டி

உறைந்ததில் வந்த வாடையை எடுக்க முடியாது. அந்த 4 பையை மசித்த சாப்பாட்டில் கலந்து கொடுங்கள், அல்லது அப்போது எடுத்த பால் 3 பங்குக்கு இது 1 பங்கு சேர்த்துப் பாருங்கள். பல குழந்தைகள் குடித்துவிடும்.

இனி எடுப்பதை உறைவதற்கு முன் சூடுகாட்ட வேண்டும். எடுத்தவுடனே, தள்ளிப்போடாமல், சுத்தமான சின்னப் பாத்திரத்தில் ஊற்றிச் சிறு தீயில் வையுங்கள். ஓரத்தில் பொடிக் குமிழி வந்ததும், ஏறக்குறைய 82 டிகிரி, இறக்கிவிட வேண்டும். பொங்கவிடக் கூடாது. உடனே பாத்திரத்தை ஐஸ் தண்ணீரில் வைத்து ஆற்றி, பையில் ஊற்றி உறையவையுங்கள். சூடுகாட்டுவதில் பாலின் சில நல்ல அம்சங்கள் குறையும், அதனால் சேமிக்கும் பாலுக்கு மட்டும் இதைச் செய்யுங்கள். கடைசி 3 நாள் ஃப்ரிட்ஜில் வைப்பதில் ஒரு சின்ன அளவை ஒரு நாள் கழித்து முகர்ந்து பாருங்கள், சிலருக்கு ஃப்ரிட்ஜிலேயே வாடை வந்துவிடும். வந்தால் அதையும் சூடுகாட்ட வேண்டும். முதல் சூடுகாட்டிய பையை 5 நாள் கழித்து உருக்கி, அவள் குடிக்கிறாளா என்று பார்த்துவிட்டு மேற்கொண்டு சேருங்கள்.

---

ஊசிநூல்

ஒரு சேர்ப்பு. அப்படியும் பால் பற்றாக்குறை வரும்போலத் தெரிந்தால், மருத்துவரிடம் கேட்டு ஒரு சின்ன டப்பா ஃபார்முலா (குழந்தைகளுக்கான பால்பொடி) வாங்கி, கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பே ஒரு தடவை கொடுத்துப் பாருங்கள். ஒத்துக்கொள்கிறதா என்பது அம்மா வீட்டில் இருக்கும்போதே தெரிய வேண்டும். முதலில் தண்ணீரை அளந்து, அப்புறம் பொடி. ஸ்பூன் கணக்கு டப்பாவில் போட்டிருக்கும், நீர்க்கக் கரைக்காதீர்கள்.